தள்ளுபடி ஆன மனுவும் மிச்சமிருந்த மூன்று நாளும்

(கிளிநொச்சி மலையாளபுரத்தில் வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்களும், மலைநாட்டிலிருந்து சென்ற எமது சங்கத்தின் தோட்டக் கமிட்டி அங்கத்தவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் பேசியது.)



ராத்திரி ஹட்டனில் வான் ஏறினோம். விடிய இங்கே இறங்கினோம். இறங்கிய உடனே தேத்தண்ணி தந்தீர்கள். கொழுந்து பறிக்கிற எங்களுக்கே தோட்டத்தில் இப்படி நல்ல சாயம் கிடைப்பதில்லை. அதற்கு முதலில் நன்றி.

வரும் வழியில் எங்கள் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி கேட்டார்: "டீச்சர், நம்ம சம்பளப் பிரச்சினையே இன்னும் இழுபடுது. வன்னியில நடக்கிற கோர்ட் கேஸுக்கும் நம்ம சங்கத்துக்கும் என்னா சம்பந்தம்?" நல்ல கேள்வி. வானில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, தூக்கக் கலக்கம். இப்போது சொல்கிறேன்.

இந்த மலையாளபுரத்திலும் பக்கத்துப் பாரதிபுரத்திலும் இருப்பது யார்? 1958இலும் 1977இலும் அடிபட்டு, லயத்தை விட்டு, சட்டி பானையோடு வடக்கே வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, நம்மைத் தலை எண்ணி இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கும் போக மனமில்லாமல், தோட்டத்திலும் இருக்க முடியாமல் போனவர்கள் இங்கே காட்டை வெட்டினார்கள். வவுனியாவில் காந்தியம் அமைப்பை நடத்திய டொக்டர் இராஜசுந்தரம் அவர்களுக்கு நிலமும் கிணறும் பார்த்துக் கொடுத்தார். அதற்காகவே அவர் 1983 ஏப்ரலில் பிடிபட்டார், அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். ஆகவே இது யாரோ ஊர்க்காரர் கேஸ் இல்லை. என் சொந்தப் பெரியம்மா இந்த ஊரில்தான் இருக்கிறார். முன் வரிசையில் இருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டுத் தடுப்பில் இருக்கிறான். ஆட்கொணர்வு மனு போட்டோம். மேல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒரு சனிக்கிழமை பெரியம்மா போன் எடுத்து, "கேஸ் தள்ளுபடியாம் டீச்சர் புள்ள. இனிமே ஒன்னும் இல்லையாம்" என்றார். என்றைக்குத் தீர்ப்பு என்று கேட்டேன். "அது ஆச்சு பதினோரு நாளு." நான் அப்படியே பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்று புரிய, ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று முதலில் தெரியவேண்டும்.

ஆளைப் பிடித்து வைத்திருக்கிறவரை நீதிமன்றம் கூப்பிட்டு, "ஆளை எனக்கு முன்னால் கொண்டு வா, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய் என்று காட்டு" என்று கேட்பது, அவ்வளவுதான். குற்றம் செய்தானா இல்லையா என்பது அங்கே விசாரணை இல்லை. வைத்திருப்பது சட்டப்படியா என்பது மட்டுமே கேள்வி. அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரைப்படி கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கேட்கலாம். 13ஆவது திருத்தம் வந்த பிறகு, மாகாணத்துக்குள் வைத்திருக்கும் ஆளுக்கு அந்த மாகாண மேல் நீதிமன்றமும் கேட்கலாம். "மாகாணத்துக்குள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆளை வவுனியாவிலிருந்து தெற்கே கொண்டுபோய்விட்டால், வடக்கு நீதிமன்றத்தில் நிற்கும் மனுவுக்குச் சிக்கல் வரலாம். ஆள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்று வாராவாரம் விசாரியுங்கள்.

தோட்டத்து ஆட்களுக்கு இந்த மனு புதிதில்லை என்றால் நம்புவீர்களா? 1936இல் பிரேஸ்கேடில் என்று ஒரு வெள்ளைக்கார இளைஞர், மடுல்கலைப் பக்கம் றெலுகஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்தார். 'கிரீப்பர்' என்பார்கள் அப்போது. வந்தவர் துரைமாரோடு சேராமல் நம்ம தாத்தாமாரோடு சேர்ந்தார். வேலை போனது. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் நாடு கடத்தச் சொன்னார். அவர் ஒளிந்து திரிந்து பிடிபட, ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அந்த மே மாதமே பிரதம நீதியரசர் ஏப்ரஹாம்ஸும் இன்னும் இரண்டு நீதியரசர்களும், ஆளுநருக்கு அப்படிச் செய்ய அதிகாரமில்லை என்று அவரை விடுவித்தார்கள். எச்.வி. பெரேரா என்ற பெரிய வழக்கறிஞர் ஒரு சதமும் வாங்காமல் வாதாடினார்.

சில நாளில் தீர்ந்த வழக்கு அது. வெள்ளைக்காரர் என்பதாலா என்று கேட்டால், நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது இங்கே வாருங்கள். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லவேண்டும். கணவனை, மகனை, தம் கண் முன்னாலே இராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள் பிறகு அவர்களைக் காணவில்லை. பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் அவரோடு போனவர்களும் திரும்பவில்லை. 2013இல் குடும்பங்கள் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் போட்டன. எழிலனின் மனைவி அனந்தி சசிதரன் அவர்களில் ஒருவர். சட்டத்தரணி இரத்தினவேல் முன்நின்றார். மேல் நீதிமன்றம் விசாரணையை முல்லைத்தீவு நீதவானிடம் அனுப்பியது. இராணுவத் தரப்பு, எங்களிடம் அவர்கள் சரணடையவில்லை என்றது. 58ஆவது படைப்பிரிவின் தளபதி சாட்சிக் கூண்டில் நின்று, சரணடைந்தோர் பட்டியல் இருக்கிறது என்றார். கொண்டுவரச் சொன்னபோது வந்தது தாங்கள் கேட்ட பட்டியலே இல்லை என்று குடும்பங்கள் சொன்னார்கள். தவணை, தவணை, தவணை. 2022 டிசம்பரில்தான் வவுனியா மேல் நீதிமன்றம் எழிலனை நீதிமன்றத்தில் நிறுத்தும்படி இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. ஒன்பது வருடம். ஆள் இன்னும் வரவில்லை.

அந்த ஒன்பது வருடத்தில் வழக்கைத் தாங்கியது எது? அந்தப் பெண்கள் கண்ணால் கண்டதும், அதை ஒவ்வொரு இடத்திலும் ஒரே மாதிரிச் சொன்னதும், எழுதி வைத்ததும். "எங்களிடம் ஆள் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, கொண்டுபோனதைக் காட்டவேண்டிய சுமை நம் தலையில்தான் விழுகிறது. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார் கையில் வைத்திருக்கும் படங்களும் அந்தச் சாட்சிதான்.

அண்ணன் விசயத்தில் ஆள் இருக்கிறான். அங்கே அவர்கள் காட்டியது ஒரு தாள்: தடுப்புக் காவல் கட்டளை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் அமைச்சர் கையெழுத்திடுவது. மூன்று மூன்று மாதமாக நீட்டலாம். முன்பு 18 மாதம் வரை, 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம் வரை. அந்தத் தாளைப் பார்த்ததும் நீதிமன்றம், தடுப்பு சட்டப்படிதான் என்று மனுவைத் தள்ளியது. பெரியம்மா அதை "மகன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்துவிட்டது" என்று விளங்கிக்கொண்டார். யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. ஊர்ச் சனமும் அப்படியே பேசியது. கடனுக்குச் சாமான் தந்த கடைக்காரர்கூட முகத்தைத் திருப்பினார்.

ஆனால் அண்ணன் விடவில்லை. பார்க்கப் போன பெரியம்மாவிடம், பக்கத்தில் ஆள் நிற்கும்போதே, "அம்மா, அப்பீல் போடச் சொல்லுங்க. என்னைப் பிடிச்ச தேதியைப் பாக்கச் சொல்லுங்க" என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்போடு நின்றவன் அவன்.

பதினோரு நாள் போன பிறகு நான் கிளிநொச்சிக்கு வந்து தீர்ப்பை வாங்கிப் படித்தேன். தீர்ப்பு தமிழில் இருந்தது. இணைத்திருந்த தடுப்புக் கட்டளை சிங்களத்தில். வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. படம் எடுத்து எங்கள் தோட்டத்து ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஒரு தம்பிக்கு அனுப்பினேன். அவன் போனிலேயே வரி வரியாக வாசித்துச் சொன்னான். அதில் போட்டிருந்த கைது தேதியும் பெரியம்மா சொல்லும் தேதியும் ஒன்றில்லை. ஐந்து நாள் வித்தியாசம்.

இந்த ஐந்து நாளில்தான் எல்லாம் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டமே சொல்கிறது: பிடித்த ஆளை 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம். அதற்குள் தடுப்புக் கட்டளை வரவில்லையென்றால் நீதவான் முன் நிறுத்தவேண்டும். பெரியம்மா சொல்லும் தேதி சரியென்றால், கட்டளை வருவதற்கு முன் அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனால் "என் மகனை அன்றைக்குத்தான் பிடித்தார்கள்" என்று தாய் சொன்னால் போதுமா? தாள் வேண்டும்.

தாள் இருந்தது! பிள்ளையைக் கொண்டுபோன மறுநாள், பக்கத்து வீட்டு அக்கா பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே முறைப்பாடு பதிந்து ஒரு பற்றுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள். தேதி, நேரம், இலக்கம் எல்லாம் உண்டு. பொலிஸ் சொல்லும் கைது தேதிக்கு நான்கு நாள் முந்தியது. பெரியம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். முதல் மனுவோடு அதை இணைக்கவில்லை. சட்டத்தரணி கேட்கவும் இல்லை, இவர் கொடுக்கவும் இல்லை. சீட்டு என்றால் ஏதோ கோயில் அர்ச்சனைச் சீட்டு மாதிரிப் பத்திரமாக வைப்பதுதான் என்று நினைத்துவிட்டார்.

நம் தோட்டத்திலும் இதுதானே? சம்பளச் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டு, ஈ.பி.எவ். குறைகிறது என்று பிறகு என்னிடம் வருகிறீர்கள். கோபிக்காதீர்கள், சொல்லத்தான் வேண்டும்.

இனி மேன்முறையீட்டுக்கு வருவோம். மாகாண மேல் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவில் கொடுக்கும் இறுதிக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அரசியலமைப்பின் 154P உறுப்புரையே சொல்கிறது. அங்கேயும் தோற்றால், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால், உயர் நீதிமன்றத்திடம் விசேட அனுமதி கேட்கலாம். அதற்கு ஆறு வாரம். எல்லாவற்றுக்கும் கெடு இருக்கிறது. தொழில் நியாய சபை உங்களுக்குத் தெரியும். வேலையை விட்டு நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும், தீர்ப்புப் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் மேல் நீதிமன்றம் போகவேண்டும். ஒரு நாள் பிந்தி வந்த எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! தண்டனை பெற்று மறியலில் இருக்கிற ஆளுக்கு மேன்முறையீடு செய்ய 14 நாள். அவர் வெளியே வரத் தேவையில்லை. சிறை அதிகாரியிடம் அந்தக் கெடுவுக்குள் வாயாலோ எழுத்திலோ சொன்னாலே சட்டம் ஏற்கிறது. இது தெரியாமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு.

எங்களுக்குச் சட்டத்தரணி சொன்ன கணக்கில் மிச்சம் மூன்று நாள். அதில் ஒன்று ஞாயிறு. சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம், முத்திரை, சத்தியக் கடதாசி, அண்ணனின் கையெழுத்து. பெரியம்மா நிலக்கடலை ஆயும் கூலிக்குப் போகவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு. கடைசி நாள் பின்நேரம் பதிவாளர் அலுவலகம் மூடுவதற்கு முன்னால் கொடுத்துவிட்டோம். கெடு தாண்டியிருந்தால் மீளாய்வு மனு என்று இன்னொரு வழி இருக்கிறது. ஆனால் அது நீதிமன்றம் மனம் வைத்தால்தான், பிந்தியதற்குக் காரணமும் சொல்லவேண்டும். "எங்களுக்குத் தெரியாது ஐயா" என்பதை எத்தனை பேர் காரணமாக ஏற்பார்கள்?

சரி, போட்டால் வெல்லுமா? நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். "முதல் ஐந்து நாள் பிழையாக இருக்கலாம், இப்போது கட்டளை இருக்கிறதே, இப்போதைய தடுப்பு சரிதானே" என்று அரச தரப்பு சட்டத்தரணி சொல்வார். நீதிமன்றம் அதை ஏற்கவும் கூடும். முதல் மனுவில் காட்டாத பற்றுச்சீட்டை இப்போது ஏன் காட்டுகிறீர்கள் என்றும் கேட்பார்கள். அதற்குப் பதில் தயாரிக்கிறோம்.

ஆனால் தோற்ற மனுவை மேலே கொண்டுபோனவர்கள் வீணாகப் போகவில்லை என்பதற்கு ஒரு வழக்குச் சொல்கிறேன். திருகோணமலையில் பிளாண்டன் பொயின்ற் இராணுவ முகாம் சம்பந்தமான வழக்கு அது. தன் மகன்மாரைத் தேடிய ஒரு தகப்பன் ஆட்கொணர்வு மனு போட்டு, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். தோற்ற பிறகு உயர் நீதிமன்றம் போனார். 2005இல் நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க எழுதிய தீர்ப்பு வந்தது. நம் அரசியலமைப்பில் "உயிர் வாழும் உரிமை" என்று ஒரு வரி கிடையாது. தேடிப் பாருங்கள், இல்லை. நீதிமன்றத்தின் கட்டளையில்லாமல் யாரையும் மரணத்தாலோ மறியலாலோ தண்டிக்கக்கூடாது என்ற 13(4) உறுப்புரைக்குள்ளேயே அந்த உரிமை அடங்கியிருக்கிறது என்று அந்தத் தீர்ப்புச் சொன்னது. ஆட்கொணர்வு மனு விசாரணையில் அடிப்படை உரிமை மீறல் தெரிந்தால் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டும் என்ற 126(3)ஐயும் அது எடுத்துப் பேசியது. அந்தத் தகப்பன் தள்ளுபடியோடு வீட்டுக்குப் போயிருந்தால் அந்தத் தீர்ப்பு இன்றைக்குச் சட்டப் புத்தகத்தில் இல்லை.

அதற்கு முன்னால் 1994இல், தெற்கில் சிங்களப் பிள்ளைகள் காணாமல் போன காலத்து வழக்கொன்றில், ஆளைக் கொண்டுவந்து நிறுத்த முடியாத பொலிஸ் அதிகாரி குடும்பங்களுக்குப் பணம் கட்டவேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதுவும் சேலை முந்தானையில் கடுதாசியை முடிந்துகொண்டு அலைந்த தாய்மார் கொண்டுவந்த தீர்ப்பு. அவர்கள் சிங்களத்தில் அழுதார்கள், நீங்கள் தமிழில்.

இப்போது சங்கம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். எங்கள் சங்கத்தில் வழக்கறிஞர் படை இல்லை. சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வசதியில்லாதவர்கள் அங்கே போகலாம், நாங்கள் கூட்டிப்போகிறோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் யாரையாவது பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அவர்கள் அறிவிப்பார்கள் என்று வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே நீங்கள் போங்கள். போனால் பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். தீர்ப்பு நாளில் வீட்டிலிருந்து ஒருவராவது நீதிமன்றத்தில் நில்லுங்கள். "தள்ளுபடி" என்ற சொல் காதில் விழுந்தால், அழுவதற்கு முன்னால் கேட்கவேண்டியது இரண்டு: என்ன காரணம், எத்தனை நாள்.

நான் இதை எங்கள் தோட்டக் கமிட்டியில் பேசியபோது எல்லாரும் கைதட்டவில்லை. இரண்டு பேர் எழும்பி, "சந்தாக் காசை வன்னிக் கேஸுக்குக் கொடுக்க யாரைக் கேட்டீங்க?" என்றார்கள். நியாயமான கேள்வி. மழை நாளில் அரைப் பேர் போட்டு அனுப்புகிற தோட்டத்தில் நூறு ரூபாயும் பெரிய காசுதான். இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் சந்தாவில் கை வைப்பதில்லை, பிரட்டுக்களத்தில் தனியாகத் தகரம் வைப்பது, விரும்பினவர் போடுவது என்று முடிவானது. கேள்வி கேட்ட இருவரில் ஒருவர் முதல் ஆளாக வந்து போட்டார். மற்றவர் போடவில்லை. அவர் இந்த வானிலும் வரவில்லை, ஆனால் என்னோடு பேசுகிறார்.

அந்தக் காசில்தான் அடுத்த தவணைக்குப் பெரியம்மாவின் ஒரு நாள் கூலியும் பஸ் காசும். வழக்கு இனிக் கொழும்பு புதுக்கடையில். பெரியம்மா கொழும்பு பார்த்ததில்லை. மாதர் சங்கத் தலைவி, அதுதான் வானில் கேள்வி கேட்டவர், ஹட்டனிலிருந்து வந்து கோட்டை ஸ்டேஷனில் நிற்பார். நான் பைலைக் கொண்டுவருகிறேன். பற்றுச்சீட்டின் பிரதி பைலில் இருக்கிறது. மூலத்தை மட்டும் என்னிடம் தரமாட்டாராம், தன் கையிலேயே கொண்டுவருவாராம். சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்து இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால் காட்டுவார்.